ரயில் போன பிறகு வரும் லாரிகள்

ஒரு பொருளை நாம் எறிந்த பிறகு, அது எந்த இடத்தில் நம்முடையது அல்லாமல் போகிறது? வாசலைத் தாண்டியதுமா, தெருமுனையிலா, அல்லது நம் மூக்குக்கு எட்டாத தூரத்திலா? புத்தகத்தில் இந்தக் கேள்வி வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். வினோலியா அதைக் காலை ரயிலில் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மடியில் இருந்தது ஒரு கூரியர் அட்டைப்பெட்டி. ஈரத்துணியால் சேற்றை வழித்தெடுத்து, ஒட்டியிருந்த சீட்டில் பெயரும் வீட்டு எண்ணும் தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒருமுறை முகர்ந்தார். எதையும் முகர்ந்து பார்க்காமல் அவர் வைப்பதில்லை. உட்கார இடம் இருந்தாலும் கதவோரத் தரையில்தான் உட்காருவார். சேலைக்குக் கீழே கம்பெனி கொடுத்த கருப்பு ஷூ, வாயில் ஒரு கிராம்பு.

"இன்னிக்கி யாரு வூட்டுதுக்கா?" என்று கேட்டாள் வாணி. இருவரும் கோலார் தங்கச் சுரங்கப் பக்கம் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறி, ஒயிட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரே அடுக்குமாடியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர்கள்.

"ஏழாவது மாடி. நாய் வளக்குறாங்களே, அவுங்க. நாய்க்கிப் பொறந்த நாளு போல கீது. கேக்கு டப்பா."

"குடுத்தா திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும். நாயி திட்டாது. அதுக்குத் தெரியும், அதோட கேக்குன்னு."

அந்த அடுக்குமாடியின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயம் இருக்கிறது. குப்பையைச் சரியாகப் பிரிப்பதற்காகக் கிடைத்த பரிசு. பிரிப்பவர் வினோலியா. பேஸ்மென்ட்டில், கார்களுக்குப் பின்னால், ஈரக் குப்பை தனி, உலர்ந்தது தனி, டயபர் தனி என்று ஐம்பது வயது முதுகை வளைத்துப் பிரித்து மூட்டை கட்டுவார். வாயைக் கட்டப் பழைய சேலைக்கரையைக் கிழித்து நாடா வைத்திருப்பார். இரண்டு சுற்று, ஒரு கண்ணி, நுனி உள்ளே. அப்படி அங்கே வேறு யாரும் கட்டுவதில்லை.

ஸ்கெலட்டன் என்பது சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் குடியிருப்பின் பெயர்; அங்கே அவருடைய லைன் வீடு வரிசையில் கடைசி. அதற்குப் பின்னால் சுரங்கக் காலத்துப் பள்ளம் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தப் போனவர் பள்ளத்தின் விளிம்பில் நின்றுவிட்டார்.

"மொதல்ல தெரிஞ்ச மூஞ்சி மாரி இருந்துச்சி. கிட்டப் போயி பாத்தா, என் முடிச்சி. நான் கட்ன மூட்ட. அங்க பிரிச்சிப் பிரிச்சிக் கட்டி அனுப்புறேன், அது எனக்கு முன்னாடி வூட்டுக்கு வந்து குந்திக்கினு கீது."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ரயிலில் கேட்டவர்களும் சிரித்தார்கள். அதே குடியிருப்பிலிருந்து அதே ரயிலில் போகிற நான் சிரித்தேனா என்பது நினைவில்லை.

லாரிகள் வந்துபோனது யாருக்கும் தெரியாமல் இருந்ததன் காரணம் எளிமையானது. மற்ற ஊர்களில் திருட்டுத்தனமாக எதையாவது செய்ய ராத்திரி வேண்டும். எங்கள் ஊருக்குப் பகலே போதும். வேலைக்குப் போகக்கூடியவர்கள் எல்லாரும் காலை ரயிலில் பெங்களூர் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் பென்ஷன்காரர்கள், படுக்கையில் இருப்பவர்கள், பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். பச்சைத் தார்ப்பாய் போர்த்திய லாரிகள் பங்காரப்பேட்டை ரயில்வே கேட்டில் டீ குடித்துக்கொண்டு, எங்கள் ரயில் கடந்து போகக் காத்திருக்கும். கேட் திறந்ததும் நாங்கள் விட்டுவந்த ஊருக்குள் நுழையும். நாங்கள் ஜன்னல் வழியாக அவற்றைப் பல மாதம் பார்த்திருக்கிறோம். யாரோ வீடு கட்ட மணல் போகிறது என்று நினைத்தோம்.

எதிர்த்து நிற்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது எல்லாருக்கும் தோதான நாள் ஞாயிறு. அந்த ஞாயிறு ஸ்கெலட்டனே ரோட்டில் நின்றது. தட்டி பிடித்தார்கள், கோஷம் போட்டார்கள், வெயிலில் தொண்டை வற்றியது. லாரி வரவில்லை. லாரிக்கும் ஞாயிறு லீவு. வழியில் வந்த எருமை ஒன்று கோஷத்தைக் கேட்டு நின்று, யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது.

"எருமகிட்ட ஜிந்தாபாத் சொல்லிட்டு வந்தோம்" என்பார் வினோலியா. "திங்கக்கெழம நின்னா லாரி வரும். செவ்வாக்கெழம நமக்கு வேல இருக்காது. அவனுக்கு இதெல்லாம் கணக்கு தெரியும்."

ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அதிகாரிகளிடம் மனு கொடுக்கக் கோலாருக்கும் போய் வந்தார். பள்ளம் யாருடையது என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டது. இங்கே இல்லை, அங்கே கேளுங்கள். அங்கே இல்லை, மேலே கேளுங்கள். மறுநாள் ரயிலில் அவர் கொடுத்த அறிக்கை இதுதான்: "நெலம் மத்திய சர்க்காருது. ரோடு மாநிலத்துது. நாத்தம் மட்டும் நம்முளுதாம். அதுக்கு மட்டும் யாரும் பங்குக்கு வரல."

நாற்றத்தோடு போயிருந்தால் அவரும் மூக்கை மூடிக்கொண்டு இருந்திருப்பாரோ என்னவோ. ஆனால் குப்பை உயர உயர அதற்குத் தீ வைத்தார்கள். பிளாஸ்டிக் புகை கடைசி வீட்டுக்குத்தான் முதலில் வரும். உள்ளே ராஜு இருக்கிறார், வினோலியாவின் கணவர். சுரங்கம் மூடும்வரை அடியில் வேலை பார்த்தவர். கல்தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குவார். புகை வரும் நாளில் பேச்சை நிறுத்திவிடுவார். பேசவும் மூச்சுவிடவும் சேர்த்து அவரிடம் காற்று கிடையாது. வினோலியா காலையில் கிளம்பும்போது கோணியை நனைத்து ஜன்னலில் மாட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் வந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "மூச்சு எந்த லெவல்ல கீது?" ராஜு விரலைக் காட்டுவார். சுரங்கத்தில் ஆழத்தை லெவல் என்றுதான் எண்ணுவார்கள்; விரல் கூடக் கூட ஆழம் அதிகம், மூச்சு மேலே வருவது கஷ்டம் என்று அர்த்தம். கை முழுவதும் விரிந்த நாட்களில் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அட்டைப்பெட்டிகள் அப்போது தொடங்கியவை. விடிவதற்குள் பள்ளத்தில் இறங்கி, பெயர் அழியாத பெட்டியாகப் பார்த்து ஒன்றிரண்டு எடுப்பார். ரயிலில் துடைப்பார். போனதும் அந்தந்த வீட்டு வாசலில் வைத்து மணியை அடிப்பார். அசோசியேஷன் செயலாளர் ராதிகா கோயம்புத்தூர்க்காரர். தன் வாசலுக்கும் ஒன்று வந்த அன்று நடந்ததை வாணி எனக்கு நடித்தே காட்டினாள்.

"என்னங்க வினோலியா இது, குப்பையக் கொண்டுவந்து வாசல்ல வெச்சிருக்கீங்க?"

"உங்குளுது மேடம். பேரு கீது பாருங்க. வழி தவறி எங்க ஊருக்கு வந்துடுச்சி."

"நாங்க காண்ட்ராக்டருக்குப் பணம் கட்டறோங்க. அதுக்கப்புறம் அவன் எங்க கொண்டுபோறான்னு நாங்க எப்படிங்க பாக்கறது?"

"நீங்க பாக்க வேணா மேடம். எனக்கு ஜன்னல்லயே தெரியுது."

அதற்குப் பிறகு அசோசியேஷன் கூடியது. காண்ட்ராக்டரும் வந்தார். டீ கொண்டுபோன வினோலியா தட்டோடு நின்றிருக்கும்போதே அவர் விளக்கம் சொன்னார்: அது பழைய மைன்ஸ் ஏரியா, ஏற்கெனவே சைனைடு மலை கிடக்கிறது, அந்த ஜனங்கள் பழகினவர்கள். கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும் சர்க்கரை இல்லாத டீ கேட்டார்.

பழகினவர்கள். பாட்டன் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து பூமிக்குள் இறக்கினார்கள். தங்கம் வெளியே போனது. அரைத்த மண்ணும் சைனைடும் இங்கேயே மலையாகத் தங்கின. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசிதான் எங்கள் சோற்றில் விழுகிறது. ஒருமுறை விஷத்தைக் கொட்டிய இடம் என்பதே அடுத்தமுறை கொட்டுவதற்கான தகுதி ஆகிவிடுகிறது. இந்தத் தர்க்கத்தை எந்தக் கல்லூரியிலும் கற்பிப்பதில்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது ஒரே நொடியில் விளங்கியது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. நாய்க்குப் பிறந்த நாள் கொண்டாடுகிறவர்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. கெட்டவர்களாக இருந்தால் இதில் பாதிதான் வந்திருக்கும்.

"தங்கத்த எட்த்துகினு போனவங்க சொம்மா இருப்பாங்களா? பதில் மரியாத செய்றாங்க" என்றார் வினோலியா. "டயபர் அனுப்புறாங்க."

அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு அவசரமில்லை. நாத்தனாரோடு வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை; காரணம் ஒரு பிரஷர் குக்கர். லைனுக்கு வரும் துப்புரவுத் தொழிலாளியைத் தான் திட்டு வாங்கும் அதே குரலில் திட்டுவார். பிஸ்கட் தின்றால் உறையை ரயில் ஜன்னலுக்கு வெளியே விடுவார். ஒருநாள் கேட்டேவிட்டேன். "அது இத்துனூண்டு பாக்கெட்டு. அதுவும் இதுவும் ஒண்ணாண்ணா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகும் உறை வெளியேதான் போனது.

அட்டைப்பெட்டிகள் வேலை செய்தன என்றுதான் சொல்ல வேண்டும். கேடயம் வைத்திருக்கும் அடுக்குமாடிக்கு மானம் முக்கியம். வேறு இடம் பார்க்கச் சொல்லிக் காண்ட்ராக்டரை நெருக்கினார்கள். போன ஞாயிறு எங்கள் ஊர் முனிரத்தினம் எல்லாரையும் மைதானத்தில் கூட்டினார். ஒரு காலத்தில் இந்த லைன்களுக்காக நன்றாகப் பேசியவர். இப்போது காண்ட்ராக்டரின் ஆள். பள்ளத்துக்கு வழிகாட்டியதே அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை.

"நாளையிலேர்ந்து ஒரு லாரியும் இங்க வராது. நான் பேசி முட்சிட்டேன்" என்றார். கைதட்டினார்கள். பட்டாசு வெடித்தது.

"அப்ப எங்க போவும்?" என்று கேட்டார் வினோலியா.

"எல்லைப் பக்கம். ஏரிக்கு மேல கல்லு ஒடச்ச குழி ஒண்ணு கீது."

"அங்க யாரு கீறாங்க?"

"தெலுங்கு ஆளுங்க. கடலக்கா விக்க வர்றாங்களே, அவுங்க ஊரு. உனக்கின்னாத்துக்கு அது? உன் வூட்டுக்காரன் மூச்சு வுடணுமா வேணாவா? ந்தா, எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த ஊருக்காரன் மறிச்சினு நின்னான்னா லாரி திரும்ப இங்கதான் வரும். அதனால வாய மூடிக்கினு இருங்க. ஒரு வாரம் போனா அவனும் பழகிப்பான்."

பக்கத்து வீட்டு சரோஜம்மா முழங்கால் வலியோடு வந்து நின்றிருந்தார். "உட்றி வினோலியா. நம்ம கஷ்டம் தீந்துதே, அது போதும்" என்று தொன்னையில் பொங்கலைக் கொடுத்தார். வினோலியா நின்றபடியே முழுவதையும் தின்றார். "சக்கர பத்தல" என்றார்.

மறுநாள் ரயிலில் அவர் மடியில் பெட்டி இல்லை. பங்காரப்பேட்டையில் வண்டி நின்றதும் எழுந்தார்.

"ஏ அக்கா, யாக்கே எறங்குற? ஊரு இன்னும் வர்ல" என்றாள் வாணி. "சூப்பர்வைசர் கேட்டா இன்னா சொல்றது?"

"எறங்கிட்டான்னு சொல்லு."

அன்று மதியம் எல்லைப் பக்கத்து ஊர்க்காரர்கள் குழிக்குப் போகும் பாதையில் கல்லை உருட்டிப் போட்டு லாரிகளை மறித்தார்கள். ஒரு சொல் தெலுங்கு சரியாகப் பேச வராத வினோலியாவும் அவர்கள் நடுவில் நின்றார் என்று டிரைவர்களே வந்து சொன்னார்கள். சூப்பர்வைசர் அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். லாரிகள் இப்போது எந்தப் பக்கமும் போகாமல் நிற்கின்றன. எந்த நாளும் ஸ்கெலட்டனுக்குத் திரும்பலாம். ஏன் இப்படிச் செய்தாய் என்று வாணி கேட்டாள், சரோஜம்மா அழுதுகொண்டே கேட்டார், முனிரத்தினம் லைன் நடுவில் நின்று கத்திக் கேட்டார். ராஜு கேட்கவில்லை. வினோலியா செய்தது நியாயம்தான் என்று தூரத்தில் இருப்பவர்கள் சொல்லலாம். அந்த வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ராஜுவின் இருமலைக் கேட்டவனுக்கு அவ்வளவு எளிதாக வாய் வராது.

நான் ஜன்னலிலிருந்து பார்த்தது இவ்வளவுதான். பிளாட்பாரத்தின் கடைசி வரை நடந்து, சரிவில் இறங்கி, கேட்டில் முதலாவதாக நின்ற லாரியின் பக்கம் போனார். டிரைவர் கையை ஆட்டி ஏதோ சொன்னான். இன்றைக்கு உங்கள் ஊருக்கு இல்லை என்று சொல்லியிருப்பான். வினோலியா தலையசைத்தார். சோற்றுத் தூக்கை முதலில் மேலே அவன் கையில் கொடுத்தார். பிறகு சேலையை இடுப்பில் செருகி, கம்பியைப் பிடித்து ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.