ஏழாவது கேள்வி

1989இல், போரில் மனம் நொந்தவர்களைப் பற்றி அறிய ஒரு மனநல மருத்துவர் ஆய்வொன்றைத் தொடங்கினார். கொழும்புத்துறை ஊரைச் சேர்ந்த சிசிலியா அதில் சேர்ந்து, வினாத்தாள்களோடு குருநகர் வீடுகளுக்குச் சைக்கிளில் போய்வந்தாள்.

ஏழாவது கேள்விதான் அவளை வருத்தியது. "இரண்டு கிழமையா எரிச்சல் இருக்கோ?" என்று கேட்டால், "வயித்திலையோ?" என்று சனம் திருப்பிக் கேட்டது. மருத்துவர் அதைச் சினம் என்று மாற்றினார். உடனே எல்லோரும் "ஓம், இருக்கு" என்றார்கள்; ஆருக்குக் கூட, ஆருக்குக் குறைவு என்று அளக்க முடியவில்லை. கடைசியில், இந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் ஏசினீர்கள், எதையாவது எறிந்தீர்களா என்று கேட்கச் சொன்னார்.

அந்தத் தாளோடுதான் செபஸ்தியம்மாவிடம் போனாள். அவருடைய கணவர் சூசைதாசன் மூன்று வருடங்களுக்கு முன் கடலுக்கு மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர். உடல்கூடக் கரையொதுங்கவில்லை.

"ஆரையும் ஏசினனீங்களோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை."

"ஏதும் எறிஞ்சு உடைச்சனீங்களோ?"

"சீ, இல்லை."

சிசிலியா பூச்சியம் போட்டாள். அப்போது வேலிப் படலை திறந்த சத்தம் கேட்டது. செபஸ்தியம்மா சட்டென்று எழுந்தார். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா உப்புக் கேட்டு வந்திருந்தாள். உப்பைக் கொடுத்தனுப்பிவிட்டு வந்தவரின் உள்ளங்கையில் நகம் பதிந்த தடங்கள் சிவந்திருந்தன.

"என்னக்கா?"

"படலை திறந்தா அவரெண்டு நினைப்பன். பாத்தா வேறை ஆக்கள். வந்த சனத்துக்கு அறையவேணும் போலை கிடக்கும். பாவங்கள், அவை என்ன செய்தவை?" குரலைத் தாழ்த்தினார். "நீ வரேக்கையும் அப்பிடித்தான் இருந்தது."

சிசிலியாவின் பேனை நின்றது. அவளுடைய அண்ணன் கிறகோரி எண்பத்தேழில் கடைக்குப் பாண் வாங்கப் போய்த் திரும்பாதவன்.

மறுநாள் மருத்துவரிடம் சொன்னாள். அவர் நிரப்பிய தாள்களை எடுத்துப் புரட்டினார்.

"வெளியிலை வந்ததைத்தான் இவ்வளவு நாளும் அளந்திருக்கிறம்."

கோபத்தை ஒருவரும் அறியாமல் எத்தனை நாள் அடக்கினீர்கள் என்று புதிதாக ஒரு வரி சேர்த்தார். சிசிலியா பழைய வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனாள். பல பூச்சியங்களை வெட்டவேண்டி வந்தது.

"ஒவ்வொரு நாளும்," என்றார் செபஸ்தியம்மா. "உனக்கு, பிள்ளை?"

கேள்வி கேட்பவர்கள் தங்கள் கதையைச் சொல்லக்கூடாது என்பது ஆய்வின் விதி. சிசிலியா அண்ணனைப் பற்றிச் சொன்னாள்.

அடுத்த வருடம் மீண்டும் போர் மூண்டது, ஆய்வு நின்றுபோனது. செபஸ்தியம்மா எங்கே போனார் என்று தெரியவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தபோது, சிசிலியாவின் தாய் வீட்டை விட்டு இறங்காமல், போகுமிடத்தைக் கரித்துண்டால் சுவரில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கிறகோரி வந்தா எங்களைத் தேடுவானெல்லே."

"அண்ணை வரமாட்டார் அம்மா! எத்தினை வருசமாச்சு?"

சிசிலியா தாயிடம் கத்தியது அதுவே முதல்தடவை. தாயின் எழுத்து கோணலாக, வாசிக்க முடியாமல் கிடந்தது. சிசிலியா கரித்துண்டை வாங்கி, சாவகச்சேரி என்று பெரிதாக எழுதிவிட்டு, தாயின் கையைப் பிடித்து வீதியில் இறங்கினாள்.