இடப்பக்கம் திரும்பிய பல்லக்கு

எங்கள் கோயிலில் பல்லக்குத் தூக்கும் குழுவுக்குத் தலைவர் என்று ஒரு பதவி உண்டு. சம்பளம் கிடையாது. கிடைப்பது தோள்வலியும் தலையில் கட்டும் ஒரு பரிவட்டமும்தான். ஆனால் பரிவட்டம் கட்டியவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ அந்தப் பக்கம்தான் சாமி போகும். ஊர்வலம் முடியும்வரை யாரும் மறுத்துப் பேசக்கூடாது. நாட்டை ஆள்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. துணைத்தலைவருக்கு அதன்மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

தலைவர் பட்டுத்தறி நெய்கிறவர். பின் தெருவுக்குள் சாமி ஒருமுறையாவது போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. இன்று ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், நர்ஸ் வேலைக்குப் போகிறார்கள். சாமி மட்டும் தெருமுனையோடு திரும்பிவிடும்.

"சாமிக்கு காலு நாமதான்பா. நாம நடந்தா அவரு வரமாட்டேன்னா சொல்லப்போறாரு?" என்று வீடு வீடாகப் போய்ப் பேசினார். என்னிடம்தான் அதிகம் பேசவேண்டியிருந்தது. நான் லேசில் மசிகிற ஆள் இல்லை. கடைசியில் எல்லோரும் சம்மதித்தோம், பின் தெருவுக்கும் சொல்லியாயிற்று.

ஊர்வலத்தன்று பல்லக்கின் பின்தண்டைத் தூக்க ஓர் ஆள் குறைந்தது. தலைவரே வந்து என் பக்கத்தில் தோள் கொடுத்தார். கோபுர வாசலில் குருக்கள் பரிவட்டத்தோடு நின்றார். தோளில் ஏற்றிய தண்டை முதல் நிறுத்தம்வரை விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அது தெரிந்தே துணைத்தலைவர் முன்னால் போய்க் குனிந்து தலையைக் காட்டினார்.

"அண்ணன் தண்டுல கீறாரு. எனக்கு கட்டச் சொன்னாரு."

பச்சைப் பொய். குருக்கள் கட்டிவிட்டார். அந்தப் பரிவட்டம் இன்றுவரை அந்தத் தலையைவிட்டு இறங்கவில்லை.

பின் தெரு முனையில் பெண்கள் கற்பூரத் தட்டோடு நின்றார்கள். உள்ளே தெரு முழுக்கக் கோலம். துணைத்தலைவரின் கை இடப்பக்கம், அந்தத் தெருவுக்கு எதிர்ப்பக்கமாக நீண்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. தண்டைவிட்டு விலகப் பார்த்தேன்.

"தோளை எடுக்காதபா. சாமி சாஞ்சிடும்" என்றார் தலைவர்.

திரும்பினோம். ஒரு பெண் தட்டோடு எங்கள் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

"வரலியாண்ணா?"

"இல்லம்மா" என்றார் தலைவர். அவர் முகம் நனைந்திருந்தது. அதை வேர்வை என்று நான் சொல்லமாட்டேன். அவளைப் பார்த்துக் கும்பிடக் கையைத் தூக்கினார். ஒரு கைதான் வந்தது. இன்னொன்று தண்டைப் பிடித்திருந்தது.