புலியின் காதைப் பிடித்த கை

ஈப்போவில் நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகையில் வேட்டைப் படங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தோம். வாசகர்கள் தங்களிடம் இருக்கும் படத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் கதையையும் அனுப்புவார்கள். நான் கதையைத் திருத்தி அச்சுக்குக் கொடுப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் எங்கள் பத்திரிகையில் தலையங்கத்தைப் படித்தவர்களைவிட அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் அதிகம். லகாட் ஈயச் சுரங்கத்தில் மண்வெட்டியால் அடித்துக் கொன்ற மலைப்பாம்பு, பக்கத்திலேயே அதன் வயிற்றைக் கிழித்து எடுத்த ஆடு. தாப்பா அருகே கண்ணியில் மாட்டி, தன் காலைத் தானே கடித்துத் துண்டித்துக்கொண்டு ஓடிய கரடி. அந்தப் படத்தில் கரடி இல்லை, கால் மட்டும்தான் இருந்தது. அதற்கு வந்த அளவு கடிதங்கள் வேறு எதற்கும் வந்ததில்லை.

எங்களிடம் படம் அச்சடிக்கத் தேவையான உலோக ப்ளாக் செய்ய வசதி கிடையாது. படங்களைப் பினாங்குக்கு அனுப்புவோம். ஆரம்பத்தில் படத்தின் பின்புறம் பென்சிலால் கோடு போட்டு, இதுவரை போதும் என்று குறித்து அனுப்பினேன். ப்ளாக் செய்கிறவர் கோட்டைப் பார்க்கவே மாட்டார். வானம், மரம், புல் எல்லாவற்றோடும் முழுப் படத்தைச் சுருக்கிவிடுவார். மனித முகம் கடுகு அளவுக்கு வரும். ஒருநாள் ஆசிரியர் என் மேசையில் ஒரு கத்திரிக்கோலைக் கொண்டுவந்து வைத்தார்.

“கோடு போட்டா அவன் கண்ணுக்குத் தெரியாது தம்பி. வேண்டாதத வெட்டிட்டு அனுப்பு. இல்லாதத அவனால அச்சடிக்க முடியாதுலா.”

அன்றிலிருந்து வெட்டித்தான் அனுப்பினேன். அனுப்பியவர்களுக்கு ஓரம் போன படமே திரும்பப் போகும். யாரும் குறை சொன்னதில்லை. நடுவில் கிடக்கும் விலங்கும் அதன்மேல் கால் வைத்திருக்கும் ஆளும் மிஞ்சினால் அவர்களுக்குப் போதும்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து, அங்கே தலைமை எழுத்தராக இருந்த பெரிய கிராணியார் கடிதம் எழுதியிருந்தார். தன்னிடம் ஒரு புலிப் படம் இருப்பதாகவும், கதை பெரிது என்பதால் ஆள் வந்து கேட்டு எழுதிக்கொள்வது நல்லது என்றும் எழுதியிருந்தார். நான் ரயிலில் தாப்பா வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் பீடோர் போனேன். தோட்டத்தில் கிராணியார் வீட்டு முன்புறம் நாற்காலி போட்டு, தேநீர் வைத்து, படத்தை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தோட்டத்துக் கங்காணி நின்றார்.

படம் பெரியது, தெளிவானது. ரப்பர் பால் நிறுக்கும் இஸ்டோர் கட்டடத்தின் படிக்கட்டில் புலியைக் கிடத்தியிருந்தார்கள். தோட்ட மேனேஜரான பெரிய துரை நாற்காலியில் உட்கார்ந்து அதன் தோளில் பூட்ஸ் காலை வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் கிராணியார், ஆறு வயது இளமையாக, தொப்பியைக் கையில் பிடித்தபடி. வலது ஓரத்தில், வெற்றுடம்போடு குந்தியிருந்த ஒரு பால்வெட்டுக்காரன், புலியின் காதைப் பிடித்துத் தலையை நிமிர்த்திக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் கேமராவைப் பார்த்தார்கள். அவன் மட்டும் புலியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை எடுத்தவர் உதவி மேனேஜரான சின்னத் துரை. பெரிய துரை போன வருடம் வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறியபோது நெகட்டிவ்களையெல்லாம் எடுத்துப் போய்விட்டார். போகும்போது இந்த ஒரு படத்தை மட்டும் கிராணியாருக்குக் கொடுத்தார்.

“வேற யாருகிட்டயும் கெடையாது. பத்திரமாத் திருப்பி அனுப்பிடணும்,” என்றார் கிராணியார்.

பிறகு கதையைச் சொன்னார். புலி ஒரு மாதமாகத் தோட்டத்து மாடுகளை அடித்துக்கொண்டிருந்தது. துரை ஒரு காலையில் ஆற்றோரம் காத்திருந்து சுட்டார். இரண்டு குண்டு. மாட்டுவண்டியில் ஏற்றி இஸ்டோருக்குக் கொண்டுவந்தார்கள். படம் எடுக்கத் தலை நிற்கவில்லை. தாடைக்கு அடியில் கட்டை வைத்துப் பார்த்தார்கள், புலி தூங்குவதுபோல் இருந்தது. துரைக்குப் பிடிக்கவில்லை. ஆள் வைத்துக் காதைப் பிடிக்கச் சொன்னார்.

“யாரும் வரமாட்டேன்னுட்டானுங்க,” என்றார் கங்காணி. “அன்னிக்கிக் காலைல பெரட்டுல பேரு கூப்புடறப்ப லேட்டா வந்தவன் ஒருத்தன் இருந்தான். நீ வாடான்னு இழுத்து விட்டேன். லேட்டா வந்தா அரை நாள் பேரு போடமாட்டேன், சம்பளம் கெடையாது, இல்ல புலி காதப் புடி, எது வேணும்னு கேட்டேன். புலிதான் வேணும்னுட்டான்!”

இருவரும் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டேன்.

மூன்று படம் எடுத்தார்கள். இது இரண்டாவது. மூன்றாவதற்குச் சின்னத் துரை குனிந்தபோது புலி எழுந்தது. முழுதாக எழவில்லை, முன்னங்கால்கள் மட்டும். காதைப் பிடித்திருந்தவன் தொடையில் நகத்தை இறக்கி இழுத்தது. துரை துப்பாக்கியைத் தேடி, குண்டு போட்டுச் சுடுவதற்குள் தொடை எலும்பு வெளியே தெரிந்தது.

“அவன் போட்ட சத்தம் இருக்கே,” என்று கங்காணி சொன்னார், “அதக் கேட்டுத்தான் புலி செத்துச்சுங்க. குண்டெல்லாம் சும்மாலா.”

கிராணியாருக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. “பத்திரிகைல அத அப்படியே போடுங்க,” என்றார்.

ஆள் என்ன ஆனான் என்று கேட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தான் என்றார் கிராணியார். புண் அழுகி, வாடையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் வெளியே போய்ப் படுத்தார்களாம். ஐந்தாம் நாள் செத்தான். துரை சவப்பெட்டிக்குப் பலகை கொடுத்தார். அதையும் எழுதிக்கொண்டேன்.

கிளம்பும் நேரத்தில் வேலி ஓரமாக ஒரு பெண் வந்து நின்றாள். வெட்டிய பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். சேலையில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்தில் ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை.

“அவன் பொண்டாட்டி,” என்றார் கங்காணி.

“ஐயா, அந்தப் படத்துல எங்க வீட்டுக்காரரு இருக்காராமே,” என்று அவள் கிராணியாரிடம் கேட்டாள். “ஒரு தடவ காட்டுங்க. அப்புறம் கேக்கமாட்டேன்.”

கிராணியார் என்னைப் பார்த்தார். “காட்டுங்க. ஏய், கை வைக்காத. பால் பிசுக்கு ஒட்டிக்கும்.”

நான் வேலிக்குப் போய்ப் படத்தைப் பிடித்துக் காட்டினேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை மட்டும் முன்னால் கொண்டுவந்தாள்.

“எதும்மா அப்பா?” என்றது குழந்தை.

“அந்தா, ஓரத்துல.”

“அது யாரு, புலி மேல கால் போட்டுக்கிட்டு?”

“அது யாரோ. ஓரத்துல பாரு.”

மெதுவாகப் பத்து எண்ணும் நேரம் அவள் பார்த்திருப்பாள். கிராணியார் தொண்டையைக் கனைத்தார். நான் படத்தைத் துணியில் சுற்றினேன்.

“பேப்பர்ல இந்த மொகம் வருமாங்க?” என்று கேட்டாள்.

“வரும்.”

“நெசமா வருமா? வருசா வருசம் படையல் போடறப்ப அவரு உளியத்தான் வெச்சுப் படைக்கிறேன். பால் வெட்டின உளி. வேற ஒண்ணும் இல்ல. இது வயித்துல இருக்கறப்பவே அவரு போயிட்டாரு. இது உளியக் காட்டித்தான் அப்பாங்குது. மொகம் வந்துச்சுன்னா வெட்டி ஒட்டி வெச்சுக்குவேன்.”

“வரும்மா. அடுத்த மாசம் வரும்.”

கங்காணி என்னைப் பஸ் வரை கொண்டுவந்து விட்டார். வழியில், “படையல்ல புலிக்கும் சேத்து வெக்கச் சொல்லணும்லா,” என்றார். நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

ஈப்போ திரும்பியதும் வழக்கம்போல வேலையைச் செய்தேன். அந்த வாரம் படத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கியது இரண்டு பத்தி அகலம். துரை, புலி, கிராணியார் மூவரும் தெளிவாக விழ வேண்டுமென்றால் நாலாவது ஆளுக்கு இடமில்லை. அதோடு, எல்லோரும் ஒரு பக்கம் பார்க்க அவன் வேறு பக்கம் பார்த்ததால் படம் கெட்டுப்போவதாகவே எனக்குப் பட்டது. காதை ஒட்டி வெட்டினால் புலி மூளியாகிவிடும். கொஞ்சம் தள்ளி, அவன் மணிக்கட்டில் வெட்டினேன். துண்டு காலடியில் விழுந்தது. அச்சுக்கூடத்துக் காகிதக் குப்பையைச் சாயங்காலம் வாரிப் பசை காய்ச்சும் அடுப்பில் போடுவார்கள். அதுவும் அப்படித்தான் போயிருக்கும்.

அவளிடம் சொன்னது நினைவில் இருந்ததா என்றால், இருந்தது.

கதை ஒரு பாரா அதிகமாக வந்துவிட்டது. இடம் போதாவிட்டால் கடைசியிலிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். முக்கியமில்லாததைக் கடைசியில் வைத்து எழுதுவதும் அதற்காகத்தான். நான் அவன் சாவைக் கடைசிப் பாராவில் வைத்திருந்தேன். அதை எடுத்ததும் கதை புலி மறுபடி எழுந்ததோடும், துரை பதறாமல் மூன்றாவது குண்டைப் போட்டதோடும் முடிந்தது. ஆசிரியருக்கு ரொம்பப் பிடித்தது. “நல்ல முடிவு,” என்றார்.

பத்திரிகை வெளியானதும் கிராணியார் பத்துப் பிரதிகள் கேட்டு எழுதினார். வெட்டிய படம் கிடைத்தது என்றும், துரையும் தானும் நன்றாக விழுந்திருப்பதாகவும், கண்ணாடிச் சட்டம் போடப் போவதாகவும் எழுதியிருந்தார். ஓரத்தில் இருந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் ஒரு முற்பகல் அவள் காரியாலயத்துக்கு வந்தாள். தனியாக. ஒரு நாள் வேலைக்குப் பேர் போடாமல் வந்திருந்தாள். எங்கள் பத்திரிகையை மஞ்சள் துணியில் மடித்து வைத்திருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மேசையில் பத்திரிகையை விரித்து அந்தப் பக்கத்தைத் தானாகவே எடுத்தாள்.

“இதுல மொகம் இல்லைங்களே.”

“இடம் இல்லாமப் போச்சும்மா.”

“சரி. முழுப் படம் எங்க இருக்கு? அதுல பாத்துட்டுப் போறேன்.”

நான் ஆசிரியரைப் பார்த்தேன். அவர் புரூப் தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

“வெட்டியாச்சு,” என்றேன்.

“வெட்டினது?”

“அது இல்ல.”

நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. படத்தை விரலால் தடவினாள். வேலி ஓரத்தில் தொடக் கூடாதென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டவள், இப்போது ஒவ்வொன்றாகத் தொட்டாள். துரையின் பூட்ஸ், புலியின் நெற்றி, காது. அங்கே விரல் நின்றது.

“இது அவரு கைதான். ஆள்காட்டி வெரலு நுனி இல்ல பாருங்க. உளி பட்டுப் போச்சு, கல்யாணத்துக்கு முந்தியே.”

நான் குனிந்து பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் அச்சுப் படத்தில் புள்ளிகள்தான் தெரியும். தள்ளிப் பிடித்தபோது தெரிந்தது. படத்தைக் கையில் வைத்து அத்தனை முறை பார்த்தவன் நான், அந்த விரலைப் பார்த்திருக்கவில்லை.

“அவரு புலியப் பாத்துக்கிட்டு இருந்தாரு,” என்றாள். “அன்னிக்கி வேலிகிட்ட வெச்சுக் காட்டினீங்களே, அப்பப் பாத்தேன். ஆஸ்பத்திரில சொன்னாரு. ரெண்டாவது படம் புடிக்கறப்பவே சொன்னாராம், மேல புலி மூச்சு சுடுதுங்கன்னு. கங்காணி, வாய மூடுறா, படம் ஆடும்னாராம். மூடிக்கிட்டாரு. படம் நல்லாத்தான் வந்திருக்கு. ஆடல.”

ஆசிரியர் புரூப் தாளை இறக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“அந்தக் கைய மட்டும் வெட்டிக் குடுங்க. காது வேணாம்.”

மேசையில் இருந்த அதே கத்திரிக்கோலை எடுத்தேன். துரையை வெட்டித் தள்ளினேன், கிராணியாரை, புலியின் முகத்தை. காதுக்கு வந்தபோது முடியவில்லை. விரல்கள் காதைச் சுற்றி இறுகப் பிடித்திருந்தன. காதை எடுத்தால் விரல் போகும். இரண்டு முறை முனையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். காதோடு சேர்த்து, ஒரு தீப்பெட்டி அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன். அதன் மறுபக்கத்தில் ஒரு தைல விளம்பரத்தின் பாதி இருந்தது.

அவள் அதைக் கையில் வைத்துப் பார்த்தாள்.

“இதுவரைக்கும் புள்ள உளியத் தொட்டு அப்பான்னுச்சு,” என்றாள். “இனிமே இந்தக் காதத் தொட்டு அப்பான்னு சொல்லும்.”

மஞ்சள் துணியில் அதைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மீதிப் பத்திரிகையை மேசையிலேயே விட்டிருந்தாள். அதில் துரையும் கிராணியாரும் தனித்தனித் துண்டுகளாகக் கிடந்தார்கள். நான் அவற்றைக் கூட்டித் தள்ளினேன். அடுத்த வாரத்துக்கு வந்திருந்த படத்தில் ஒரு பன்றியும் ஏழு ஆட்களும் இருந்தார்கள். இரண்டு பத்தி அகலத்துக்கு நாலு பேர்தான் வருவார்கள்.