ஆக்னஸ் உருட்டி வந்த நாற்காலி

ஐ.டி. கம்பெனிக்காரர்கள் இன்சூரன்ஸ் அட்டையோடு வரத் தொடங்கியதும், சனத்நகரில் இருந்த அந்த ஆஸ்பத்திரி நர்சுகளின் நாற்காலிகளை எடுத்துவிட்டது. ஓட்டல் நிர்வாகம் படித்துவிட்டு வந்த மேனேஜர் நிகிலின் யோசனை அது. உட்கார்ந்திருக்கும் நர்ஸ் வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதாம். டாக்டர் உட்காரலாம், பார்க்க வந்த மாமனார் மைத்துனர் உட்காரலாம். மலம் அள்ளி, ஊசி போட்டு, ராத்திரி பகலாய் ஓடுகிறவள் மட்டும் விளக்குக் கம்பமாய் நிற்க வேண்டும்.

இரண்டாம் மாடி வார்டுக்குப் பொறுப்பு தூத்துக்குடிக்காரி ஆக்னஸ். அவளிடம் வேலை பார்த்த ஸ்டெல்லாவுக்கு ஏழு மாதம். ஒரு மதியம் தலை சுற்றி, காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நிகில் பார்த்துவிட்டான். ஒழுங்கீனம் என்று மெமோ வந்தது. ஆக்னஸ் கையெழுத்துப் போட்டால் ஸ்டெல்லாவின் வேலை போச்சு.

மெமோவும் கையுமாக ஆக்னஸ் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் பத்மஜாவிடம் போனாள்.

“பிள்ளத்தாச்சி மேடம். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நீங்க ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

“நக்கோ ஆக்னஸ், வேணாம். நமக்கெதுக்கு வம்பு? கையெழுத்தப் போட்டுடு. நாமெல்லாம் நிக்கலையா?”

“நின்னிய. இப்ப உக்காந்துட்டிய. அதான் மறந்துட்டு.”

பத்மஜா சிவந்த முகத்தோடு எழுந்து கதவைக் காட்டினாள். எழுந்ததுதான் தாமதம், ஆக்னஸ் அவளுடைய சுழல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வராந்தா முழுக்கக் கடகடவென்று உருட்டிப் போய் வார்டு நடுவில் நிறுத்தினாள்.

“இருடி ஸ்டெல்லா, உக்காரு.”

“ஐயோ அக்கா, வேல போயிரும்!”

“போனா எனக்குப் போவட்டும். நீ இரு.”

நிகில் ஓடிவந்தபோது ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியை எழுப்பி நாற்காலியைப் பிடுங்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆக்னஸ் மெமோவில் ஸ்டெல்லா பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினாள். ‘உட்காரச் சொன்னது நான்’ என்று கையெழுத்திட்டு அவனிடமே நீட்டினாள்.

பத்மஜா கால் மணி நேரத்தில் மீட்டிங் ஹாலிலிருந்து வேறு நாற்காலி வரவழைத்துக்கொண்டாள். தனக்கென்றால் கேட்கத் தெரியும்!

அடுத்த மாதம் ஆக்னஸின் பொறுப்பைப் பிடுங்கி, அதே வார்டில் சாதாரண நர்ஸாக்கிவிட்டார்கள். ஸ்டெல்லா பிரசவ லீவு எடுக்கும்வரை அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். புதிதாய் வந்த பொறுப்பு நர்ஸுக்கு ஒரு சந்தேகம் வந்தாலும், எல்லோரும் ஆக்னஸிடம்தான் அனுப்பினார்கள்.