அரண்மனை வாசலில் பயத்தம் பணியாரம்

ஜூலைக் கடைசியில் ஒஸ்லோ அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்தேன். நோர்வேயின் வடக்கிலிருந்து போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அரண்மனையைக் காட்டுகிறேன் என்று என் கணவர் ஒவ்வொரு கோடையும் சொல்வார். ஒவ்வொரு கோடையும் மீன் ஆலையில் மேலதிக வேலை வந்துவிடும். சென்ற செப்டெம்பரில் அவரே போய்விட்டார். அவருடைய முதலாம் ஆண்டு நினைவுப் பூசை வருகிறது. அதற்கு அவருடைய அக்காவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் போனில் சொன்னால் அது சொன்னதாகாது. மச்சாள் இருப்பது ஒஸ்லோவில், அம்மருட்டில். சரி, இரண்டையும் ஒன்றாகவே முடிப்போம் என்று வெளிக்கிட்டேன்.

மச்சாளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. அவர்களுடையது யாழ்ப்பாணத்தில் காணி பூமி உள்ள குடும்பம். என் அம்மா மன்னாரில் மீன்வாடியில் கருவாடு காயப்போட்டவர். இரண்டு வீட்டுச் சுவரிலும் அதே மாதா படம்தான். என்றாலும் எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. பிறகு மச்சாள் கதைக்கத் தொடங்கினார், பிள்ளைகளுக்கு உடுப்பெல்லாம் அனுப்பினார். ஆனால் என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அடக்கத்துக்கு வந்தபோதும் ஹோட்டலில் தங்கி, அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். "அக்கா ஒருநாள் எங்கடை வீட்டிலை இருந்து சாப்பிட்டால் போதும்" என்பார் என் கணவர். அந்த ஆசை நடக்காமலே போய்விட்டார். ஆண்டுச் சாப்பாட்டுக்காவது மச்சாள் என் வீட்டில் கை நனைக்க வேண்டும். நான் போனது அதற்காகத்தான்.

எங்கள் ஊர் ஹம்மர்பெஸ்ட்டில் சின்ன விமானம் ஏறி, திரொம்சோவில் மாற வேண்டும். காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்து ஐந்து மணித்தியாலம் என்று வையுங்கள். ஒஸ்லோ விமான நிலையத்திலிருந்து நகரம் ஐம்பது கிலோமீற்றர் வரும். வேக ரயில் என்று ஒன்று நிற்கும், அதில் ஏறிவிடாதீர்கள். சாதாரண ரயிலுக்கு ஏறக்குறைய பாதிக் காசுதான், சில நிமிடம் மட்டும் பிந்தும். பிறகு சுரங்க ரயிலில் அம்மருட்டுக்கு இருபது நிமிடம்.

மச்சாள் இறால் குழம்பு வைத்து நல்லாகக் கவனித்தார். கோப்பை கழுவ எழுந்தேன். "நீர் களைச்சு வந்தனீர், இரும்" என்றார். கேட்கிறவர்களுக்கு அது உபசாரம். எனக்கு அதன் அர்த்தம் தெரியும். பூசையைப் பற்றிச் சொன்னேன். "பாப்பம்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அரண்மனைக்கு நானும் வருகிறேன், தம்பி ஆசைப்பட்ட இடம் என்றார்.

காலையில் இரண்டு பேரும் பட்டுச் சேலை உடுத்தினோம். நான் கொண்டு வந்த பலகாரப் பெட்டியை வெளியில் எடுத்தேன்.

"உதென்ன?"

"பயத்தம் பணியாரம் மச்சாள். ராசா வீட்டுக்கு வெறுங்கையோடை எப்பிடிப் போறது?"

சிரிப்பார் என்று நினைத்தேன். "ஓம், அதுவும் சரிதான்" என்று மினுங்கல் தாள் எடுத்துச் சுற்றித் தந்தார். முப்பது வருடமாக ஒஸ்லோவில் இருக்கிற மனுசி!

தேசிய நாடக அரங்கு நிலையத்தில் இறங்கினால் பூங்காவுக்குள்ளால் பத்து நிமிட நடை. சுற்றிப் பார்க்கிறவர்களுக்கான வாசல் பின்பக்கம். நாங்கள் முன்பக்கம் போய்த் திரும்பி வந்தோம். அங்கே நின்ற காவல்காரப் பெண் தாளைப் பிரித்துப் பார்த்து, இது என்னவென்று கேட்டாள்.

"ராசாவுக்கும் ராணிக்கும்" என்றேன் நோர்ஸ்க் மொழியில்.

சாப்பாட்டுச் சாமான் உள்ளே கொண்டுபோக முடியாது, பாதுகாப்புக் காரணம் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மச்சாளுக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ! நோர்ஸ்க்கில் தொடங்கித் தமிழில் போய் நின்றார்.

"பாதுகாப்போ? நஞ்சு போடுற ஆக்களோ நாங்கள்? இவ என்ரை தம்பியின்ரை மனுசி! அங்கையிருந்து சுட்டுக்கொண்டு வந்திருக்கிறா. இஞ்சை பார்!"

ஒரு பணியாரத்தை எடுத்து, அவள் முகத்துக்கு நேரே ஒரு கடி கடித்தார்.

காவல்காரப் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மச்சாளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெல்லுகிற நடுவில் அவருக்கும் விளங்கிவிட்டது. பாதிப் பணியாரம் கையில் இருந்தது. பின்னால் வரிசை நீண்டது. மச்சாள் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு மிச்சத்தையும் வாயில் போட்டார்.

"ஏலக்காய் காணாது" என்றார்.

பெட்டியை வாசலில் இருந்த லொக்கரில் பூட்டி வைத்துவிட்டுப் போனோம். உள்ளே நுழையும்போது சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறை போட வேண்டும். படம் எடுக்க முடியாது. சுற்றிப் பார்க்க ஒரு மணித்தியாலம் ஆகும். பறவைகள் வரைந்த அறை ஒன்று இருக்கிறது, அதை அவசரப்படாமல் பாருங்கள்.

சுற்றிக் காட்டிய பெண் ராசாவின் கல்யாணக் கதையைச் சொன்னாள். இளவரசராக இருக்கும்போது ஒரு துணிக்கடைக்காரரின் மகளை விரும்பினாராம். சாதாரண வீட்டுப் பெண்ணை எப்படி ராணியாக்குவது என்று நாடே இழுபட்டதாம். ஒன்பது வருடம் காத்திருந்து, இவள் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று நின்றாராம். அந்தப் பெண்தான் இன்றைக்கு ராணி.

விருந்து மண்டபத்தில் மச்சாள் என் காதுக்குள் கேட்டார்.

"அவவின்ரை தாயும் இஞ்சை இருந்து சாப்பிட்டிருப்பாவோ?"

"சாப்பிட்டிருப்பா மச்சாள். சம்பந்தியெல்லோ."

"ம். உம்மடை அம்மாவை நாங்கள் ஒரு நாளும் கூப்பிடேல்லை."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார், மற்ற அறைகளை அப்படியே பார்த்து முடித்தோம்.

வெளியே புல்லில் இருந்து பெட்டியைத் திறந்தோம். குறைசொல்லிக்கொண்டே மச்சாள் இன்னும் மூன்று சாப்பிட்டார். அந்தக் காவல்காரப் பெண் வேலை மாறிப் போகும்போது அவளுக்கும் கொடுத்தோம், வாங்கினாள். நானும் மச்சாளும் முன்பு ஒருநாளும் அவ்வளவு சிரித்ததில்லை. என் கணவர் இருந்திருந்தால் என்று நினைத்தேன், கொஞ்சம் அழுதேன். மச்சாள் முந்தானையால் துடைத்துவிட்டார், அதிலும் சீனி.

போகிறவர்கள் கவனிக்க: கோடையில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள், அனுமதிச் சீட்டை முதலே எடுங்கள். ஒன்றரை மணிக்கு முன்பக்கம் காவல் மாறுவதைப் பார்க்கக் காசில்லை. பட்டுச் சேலையோடு அரண்மனை முற்றத்துச் சரளைக் கல்லில் நடக்க வேண்டாம்.

செப்டெம்பரில் ஹம்மர்பெஸ்ட் வருகிறவர்கள் தடித்த ஜக்கெற் கொண்டு வாருங்கள், காற்று பொல்லாதது. மச்சாளுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஹோட்டல் எடுக்கவில்லையாம்.