வளையல் இடது கைக்கு மாறிய காலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அதன் பிறகு நான் அதிகம் எழுதியது என் பெயரும் ஐசி அடையாள அட்டை நம்பரும்தான். பேச்சும் எனக்கு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் தொண்டை அடைத்துவிடும்.

கிள்ளானில் ஒரு டோபி தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஹோட்டல்களிலிருந்து அழுக்கு விரிப்புகள் லோரியில் வரும். துவைத்து இஸ்திரி போட்டு அனுப்புவோம். ஈர விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துச் சூடான ரோலருக்குள் விடவேண்டும். ரோலரின் வாயில் ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் மெஷின் நின்றுவிடும். ஆனால் விரிப்பு சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். அப்படி நின்றால் லோரி காத்திருக்கும், சூப்பர்வைசர் கத்துவார். அதனால் அந்தக் கம்பியை மேலே தூக்கி, பழைய விரிப்பிலிருந்து கிழித்த துணியால் கட்டிவைத்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து சோதனைக்கு ஆள் வரும் நாளில் அவிழ்ப்போம். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் மறுபடி கட்டிவிடுவோம். எனக்கு அது கொடி ஏற்றி இறக்குவது போலப் பழகிப்போயிருந்தது.

போன வருடம் முதலுதவிப் பயிற்சிக்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒன்று நான். இன்னொன்று, ரோலரில் எனக்கு எதிர்முனை பிடிக்கும் அக்கா. வயதில் என்னைவிடச் சின்னவர்தான், இருந்தாலும் எனக்கு அக்கா, அவருக்கு நான் அண்ணன். அவர் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் பாதி நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிறவர். சம்பாதிப்பது அக்கா ஒருவர்தான்.

பயிற்சி பிரிக்பீல்ட்ஸில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற தாதி. தரையில் கிடந்த ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தச் சொன்னபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பொம்மதானே அண்ணே, தைரியமா தொடுங்க. அண்ணிகிட்ட சொல்ல மாட்டேன் லா," என்றார் அக்கா. அறையே சிரித்தது.

சூடு பட்டால் ஓடும் தண்ணீரில் பிடிக்கவேண்டும், வீங்குவதற்குள் மோதிரம் வளையலைக் கழற்றவேண்டும் என்றார் தாதி. அக்கா உடனே கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.

"அதெல்லாம் முடியாது சிஸ்டர். எங்க வீட்டுக்காரரு உயிரோட இருக்காரு. வெறுங்கையா நின்னா அவருக்கு ஆகாது."

"கை வீங்கினா உள்ள ரத்தம் ஓடாதும்மா. கை போயிரும்."

"போனா போவட்டும்," என்று அக்கா சிரித்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை. வேலை தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முதல் லோரிக்கான விரிப்புகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு விரிப்பின் ஓரம் மடிந்தது. அக்கா அதை நீவிவிட வலது கையை நீட்டினார். கம்பி மேலே கட்டியிருந்தது. ரோலர் நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். மெக்கானிக் ஓடி வந்து ரோலரைத் தூக்கினார். கை வெளியே வந்தபோது விரல்கள் நசுங்கி, தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. யாரோ சூட்டுக் காயத்தில் அப்ப, பேன்ட்ரியிலிருந்து கோப்பித்தூள் டின்னோடு ஓடி வந்தார்கள். "போடாதீங்க!" என்று கத்தினேன். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழாயடியில் உட்காரவைத்து, முழங்கையைத் தாங்கிக் கையைத் தண்ணீரில் பிடித்தேன். வளையலுக்கு அந்தப்பக்கம் கை உப்பிக்கொண்டே வந்தது.

"அண்ணே, வளையல தொடாதீங்க அண்ணே. ஒங்கள கும்புடுறேன்."

எனக்கு என்ன தோன்றியதோ, "கழட்டல அக்கா. அந்தக் கைக்கு மாத்துறேன்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார். சோப்புத் தண்ணீரை ஊற்றி உருவினேன். அவர் கத்தியது பக்கத்துத் தொழிற்சாலைக்கும் கேட்டிருக்கும். உருவிய வளையலை அப்படியே இடது கையில் போட்டுவிட்டேன். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலுதவி செய்தவர்தான் விபத்து அறிக்கை எழுதவேண்டும். எனக்குத் தெரிந்த மலாயில் எழுதினேன். காலை வேலை நேரம். கம்பி கட்டப்பட்டிருந்தது. எப்போதும் கட்டித்தான் இருக்கும். இவ்வளவுதான்.

சூப்பர்வைசர் படித்தார். "என்னாண்ணே இது, எழுத்தா எறும்பா? நான் நல்லா டைப் பண்ணித் தாரேன், நீங்க சைன் மட்டும் போடுங்க." நான் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் டைப் செய்த தாள் வந்தது. ஓய்வு நேரத்தில், அனுமதி இல்லாமல் அக்கா மெஷினைத் தொட்டதாக அதில் இருந்தது. கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வெளியே போய்ப் பார்த்தேன். ரோலரில் துணியையும் காணோம். கம்பி கீழே, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"போடுங்கண்ணே. இன்ஸ்பெக்டர் வந்து மூடிட்டுப் போனா எல்லாருக்கும்தான் வேல போவும். அந்தப் பாவத்த நீங்க சொமப்பீங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

நான் சைன் போடவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் முதலுதவி பேட்ஜை வாங்கி வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். என்னை அழுக்குத் துணி பிரிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் வீடு இருக்கிறது.

அக்காவுக்கு இரண்டு விரல் போய்விட்டது. மற்ற விரல்கள் மடங்காது. வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால்தான் காப்பீட்டுப் பணம் கிடைக்கும். என் சைன் இல்லாமலே கம்பெனி அனுப்பிய அந்த டைப் செய்த தாளைப் பார்த்து, விசாரிக்கவேண்டும் என்று காப்பீட்டு ஆபீஸில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். வளையல்களெல்லாம் இடது கையில் இருந்தன. உள்ளே அவர் வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருந்தார்.

"விசாரணைக்குக் கூப்புடுவாங்க. வந்து சொல்வீங்களாண்ணே?"

"வரேன் அக்கா."

"ஒங்களுக்குத்தான் பேச்சு வராதே," என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

வராதுதான். அதனால்தான் இதை எழுதினேன். அங்கே என் தொண்டை அடைத்துக்கொண்டால், யாராவது இதை வாங்கிப் படிக்கட்டும். யாரும் டைப் செய்து தரவேண்டாம்.

தைப்பூசத்துக்கு மறுநாள், சாயங்காலம், கிள்ளான்.