பக்கத்தின் அடியில் ஒரு பெருக்கல் குறி

துபாய் கராமாவில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவசரக்காரர்கள். பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ். ஆளுக்கு இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு ஏற்ற இடம். கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா? ஒன் சைடா, போத் சைடா? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன குளிர்காலத்தில் ஓர் ஆங்கிலேய அம்மாள் வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். மகன் இங்கே வேலையில் இருந்தார். ஊர்க் குளிருக்குப் பயந்து மகன் வீட்டில் மூன்று மாதம் தங்க வந்தவர். கையில் ஒரு பென் டிரைவ். அதில் இருப்பதை பிரிண்ட் எடுத்து, கெட்டி அட்டை போட்டு, புத்தகமாகக் கட்டித் தர வேண்டும். ஒரே ஒரு பிரதிதான். ஊரில் இருக்கும் எண்பது தாண்டிய அக்காவுக்கு.

என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை. சிரித்துவிட்டு 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார். கல்லாவிலிருந்த முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் ராமநாதபுரம் கடற்கரைக்காரர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அன்று சாயங்காலம் வரை அவரும் என்னை சார் என்றே கூப்பிட்டார்.

மாதிரிப் பக்கங்களைச் சரிபார்க்க அந்த அம்மாள் நாலைந்து முறை வந்தார். வரும்போதெல்லாம் கவுண்டரில் சாய்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒரு பழைய தேவாலயம், அதைச் சுற்றி மூன்று சிற்றூர்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பங்கு என்று சொல்வார்களே, அது மாதிரி. அங்கே பிறந்தவர், மணந்தவர், இறந்தவர் எல்லாரையும் பாதிரியார்கள் பெரிய ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் அவர் அங்கே போய், அந்த ஏடுகளையும் கல்லறைக் கற்களையும் போனில் படம் பிடித்து வந்திருக்கிறார். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் கிணறு வெட்டினார், எந்த வருஷம் பனியில் ஆடுகள் செத்தன என்பதெல்லாம் அவர் புத்தகத்தில் இருந்தது. பிரிண்ட் எடுக்க எடுக்க நானும் படித்தேன். பாதி புரிந்தது.

அதில் ஒருவர் மட்டும் என் மனதில் தங்கிவிட்டார். அந்த அம்மாளின் தாத்தாவுடைய அப்பா. பண்ணைக் கூலி. எழுதத் தெரியாதவர். அவரைப் பற்றி அந்த அம்மாள் இரண்டே வரிதான் எழுதியிருந்தார். "வேலை தேடிப் போகிறேன் என்று குடும்பத்தை விட்டுப் போனார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை."

"எங்கள் வீட்டில் அவர் பெயரையே எடுக்க மாட்டார்கள், சார்" என்றார். "தாத்தா கடைசி வரைக்கும் அவரை மன்னிக்கவில்லை."

வெள்ளிக்கிழமை அவருக்கு விமானம். வியாழன் நாலு மணிக்குப் புத்தகத்தை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

வியாழன் காலையில் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. அந்தப் பண்ணைக் கூலியின் மூத்த மகளுடைய திருமணப் பதிவு. அப்பா போய் நாலைந்து வருஷம் கழித்து நடந்த கல்யாணம். ஏட்டின் அடிப்பகுதியில் தண்ணீர் பட்டுப் பழுப்புக் கறை. சாட்சிகள் இரண்டு பேரில் ஒருவர் பெயர் தெரிந்தது. இன்னொன்று கறைக்குள் இருந்தது. 'படிக்க முடியவில்லை' என்று அந்த அம்மாள் குறித்திருந்தார். மங்கிப்போன பழைய பாஸ்போர்ட் காப்பிகளுக்குச் செய்வதுபோல, மஞ்சளை எடுத்துவிட்டுக் கருப்பைக் கூட்டினேன். மூன்றாவது முறையில் கறைக்குள்ளிருந்து ஒரு பெருக்கல் குறி வந்தது. பக்கத்தில் பாதிரியார் எழுதிய பெயரில் முதல் மூன்று எழுத்துகள் மட்டும்.

அந்தக் குறியை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. பிரிண்ட் எடுத்த தாள்களைப் புரட்டினேன். அந்த ஆளின் சொந்தக் கல்யாணப் பதிவில், கையெழுத்து இடத்தில் அவர் போட்ட குறி இருந்தது. வலது கோட்டை நீளமாகக் கீழே இழுத்து, பேனாவை எடுக்காமல் நுனியைத் தூண்டில் முள் மாதிரி மேலே சுழித்திருந்தார். இரண்டிலும் அதே சுழி, பெயரில் அதே முதல் மூன்று எழுத்துகள்.

இந்தக் கடைக்கு வரும் முன் ஏழு வருஷம் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஓர் இரும்பு யார்டில் ஹெல்பராக இருந்தேன். பத்தாவது படித்தவன் என்பதால், காலையில் நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து பஸ் கிளம்பும் முன் டைம் ஷீட்டில் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. எழுதத் தெரியாதவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைப்பார். பெருக்கல் குறி போடுகிறவர்கள் மட்டும் மூன்று பேர். மூன்றும் மூன்று விதம். யாராவது படுத்துக் கிடந்து, அவருக்காகக் கூட்டாளி குறி போட்டுவிட்டால் பார்த்ததுமே தெரிந்துவிடும். நான் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

மத்தியானம் ஆகியும் நான் பைண்டிங்கைத் தொடவில்லை. பசை போட்டு இறுக்கிவிட்டால் பிரிக்க முடியாது.

"என்ன மாப்ள, கட்டு அப்படியே கெடக்கு?" என்றார் பாய். "அந்தம்மா நாலு மணிக்கு டான்னு வந்து நிக்கும்."

"ஒரு பக்கத்துல சந்தேகம் பாய்."

"அவுங்க ஊரு, அவுங்க பாட்டன். ஒனக்கென்ன சந்தேகம்? பசையத் தடவு."

இரண்டு தாளையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"சரி, அவருதான்னே வச்சுக்க. கல்யாணத்துக்கு வந்து ஒரு நாள் நின்னுட்டுப் போனா, விட்டுட்டுப் போகலன்னு ஆயிருமா?"

என் மகள் கல்யாணத்துக்கு நான் பதினைந்து நாள் லீவில் போனேன். ஆல்பத்தில் நாலு படத்தில் இருக்கிறேன். கோவில் அலுவலகத்து நோட்டில் கையெழுத்துப் போட்டேன். பாயின் மூத்த மகள் நிக்காஹ் சமயத்தில் அவருக்கு விசா மாறிக்கொண்டிருந்தது. போனில்தான் பார்த்தார். அந்தத் தாள்களை அவர் உடனே திருப்பித் தரவில்லை.

"சொல்லிப் பாரு" என்றார் கடைசியில். "ஏசினா என்னயக் கூப்பிடாத."

நாலு மணிக்கு அந்த அம்மாள் வந்தார். பேச வேண்டிய ஆங்கிலத்தையெல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். "மேடம், ஒன் மினிட். திஸ் மேன், திஸ் மேன், சேம்" என்பதுதான் வாயில் வந்தது. காது சுட்டது. இரண்டு குறிகளையும் பெரிதாக்கி எடுத்து வைத்திருந்த தாள்களை அவர் முன்னால் நகர்த்தினேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேர் பெருக்கல் குறிதான் போட்டார்கள், சார்."

ஒரு வெற்றுத் தாளை எடுத்து, கேம்ப்பில் மூன்று பேர் போட்ட மூன்று குறிகளையும் வரைந்தேன். திஸ் மேன், அனதர் மேன், அனதர் மேன் என்றேன். அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு தன் தாள்களில் அந்தச் சுழியின் மேல் விரலை வைத்தார். முதல் மூன்று எழுத்துகளை வாய்க்குள் படித்தார். யாரும் சொல்லாமலே பாய் ஏசியைக் குறைத்து வைத்தார்.

அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டார். அக்காவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கத்த வேண்டியிருந்தது. விஷயத்தை மூன்று தடவை சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கரகரப்பான குரல் கேட்டது.

"குடித்திருந்தாரா?"

"அதை எழுதி வைக்கவில்லை!" என்று இவர் கத்தினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கடையில் காப்பி எடுக்க நின்ற ஒரு பட்டான்காரரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அந்தக் குரல் மெதுவாக இன்னொன்று கேட்டது. "அப்படியானால் தாத்தாவும் அன்றைக்கு அங்கே இருந்திருப்பாரே, அவரைப் பார்த்திருப்பாரே?" இவர் தலையை மட்டும் ஆட்டினார். போனில் அது தெரியாது என்பது அவருக்கு நினைவில்லை.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள், சார்?"

"மகள் கல்யாணத்துக்கு வந்தார். தட் இஸ் ஆல், மேடம்."

அவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. கடை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் அந்த இரண்டு வரிகளை அடித்து அடித்து அழித்தார். குடும்பத்தை விட்டுப் போனார் என்பதை அவர் எடுக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதை எடுத்துவிட்டார். அந்த இடத்தில், மகளின் திருமணத்தில் சாட்சியாகக் குறியிட்டவர் அவர்தான் என்று நம்புகிறோம் என்று எழுதினார். கீழே இரண்டு குறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

புதுப் பக்கத்தைச் செருகி, பசை தடவி இறுக்கினேன். காயும் வரை காத்திருந்து வாங்கிப் போனார். கதவருகில் நின்று என் பெயரை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்போதும் சரியாக வரவில்லை.

எங்கள் கடையில் வீணான தாளைத் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை. பின்பக்கம் காலியாக இருந்தால் டெஸ்ட் பிரிண்டுக்கு வைத்துக்கொள்வோம். 'யாரும் பார்க்கவில்லை' என்றிருந்த பழைய பக்கத்தை பாய் எடுத்து அந்தத் தாள்களோடு வைக்கப் போனார். அதை அவர் கையிலிருந்து வாங்கி, தாள் கிழிக்கும் மிஷினில் விட்டேன்.

"பின்னாடி சுத்தமாத்தானே இருந்துச்சு, மாப்ள?" என்றார் பாய்.

"ஆமா பாய்" என்றேன்.